காதல் கதை எழுதும் அக்காமாரே, எப்போது எழுதுகிறீர்கள், எதிலிருந்து தொடங்குகிறீர்கள்? (குமரி மாவட்ட இழை)

தோவாளைப்பிச்சி
செவ்வாய், இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கம். ஐந்து வருஷமாக இங்கே வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவள் நான். இப்போது எனக்கும் ஒரு காதல் கதை எழுத வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. மூன்று தடவை தொடங்கினேன். மூன்றும் நான்காவது எபியோடு (அத்தியாயத்தோடு) நின்றுவிட்டன. காலையில் அம்மாவோடு பூக்கட்டு, அப்புறம் கல்லூரி. ராத்திரி உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. வாரம் தவறாமல் யூடி (அடுத்த அத்தியாயம்) போடுகிற அக்காமார் எந்த நேரத்தில் எழுதுகிறீர்கள்? முதலில் எதை யோசிப்பீர்கள்? கதை எங்கிருந்து வருகிறது?

என் கதையில் ஹீரோ பெரிய தொழிலதிபர், சென்னையில் கம்பெனி. ஹீரோயின் ஏழை வீட்டுப் பெண். இரண்டு பேரும் சந்தித்துவிட்டார்கள். அதற்கு மேல் நகரவில்லை.

குலசேகரத்துக்காரி
செவ்வாய், இரவு 10.35

தங்கச்சி, கடையைச் சாத்தி, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது.

நான் 11 வருஷமாக எழுதுகிறேன். 14 நாவல் முடித்திருக்கிறேன். பிழைப்புக்குத் தையல் கடை.

எழுதும் நேரம் விடிகாலை நான்கிலிருந்து ஆறு வரை. நானாகத் தேடிப் பிடித்த நேரம் இல்லை. அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. வெயில் ஏறிவிட்டால் பால் சீக்கிரம் நின்றுபோகும், அதனால் இருட்டோடு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு எல்லாருக்கும் முழிப்பு வந்துவிடும். கல்யாணமாகி வந்த பிறகும் எனக்கு அது மாறவில்லை. முதல் சில வருஷம் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு எழும்பி ஒரு கட்டன் சாயா போட்டு, அடுக்களை மேசையில் நோட்டை விரித்தேன். அப்படித்தான் ஆரம்பம். இன்றைக்கும் அதே மேசைதான். ஜன்னலுக்கு வெளியே தோட்டத்தில் தலைவிளக்குகள் மரத்துக்கு மரம் நகர்வது தெரியும். அவர்கள் வெட்டி முடித்துப் பாலெடுக்கத் திரும்பும்போது நானும் நோட்டை மூடிவிடுவேன்.

இன்னொன்றும் அப்பாவிடமிருந்து வந்ததுதான். பொதுவாக மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். பேராசைப்பட்டு ஓயாமல் வெட்டினால் பட்டை மரத்துப்போய்ப் பால் வற்றிவிடும். நானும் ஒருநாள் எழுதினால் மறுநாள் எழுதமாட்டேன். முந்தின நாள் எழுதியதை வாய்விட்டு வாசித்து, வேண்டாததை அடிப்பேன், திருத்துவேன், அவ்வளவுதான். வாசகர் கேட்கிறார்களே என்று ஒரு காலத்தில் தினமும் யூடி போட்டேன். எட்டு மாதத்தில் ஒரு வரிகூட வராமல் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் நோட்டையே தொடவில்லை.

முதலில் லாங் சைஸ் நோட்டில் பேனாவால் எழுதுவேன். பிறகு தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பேன். உயிரெழுத்து இடக்கையில், மெய்யெழுத்து வலக்கையில் என்று பழகிவிட்டால் தையல் மெஷின் போல இரண்டு கையும் தானாக ஓடும். போனில் பேசி எழுத வைக்கலாம் என்று முயன்றும் பார்த்தேன். நான் "எனக்க வீடு" (என் வீடு) என்றால் அது "எனக்கு வீடு" என்று எழுதுகிறது. விட்டுவிட்டேன்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். உன் தொழிலதிபர் என்ன தொழில் செய்கிறான்? காலையில் எழும்பி அவன் கை முதலில் எதைத் தொடும்? எந்த வேலையில் அவனுக்குக் கை கூசும்? உனக்குத் தெரியாது, ஏனென்றால் அவன் உனக்கும் எனக்கும் தெரியாத ஆள். வேலை தெரியாத ஒருவனை நான்கு எபிக்கு மேல் நடக்க வைக்க முடியாது. நான் முகத்திலிருந்தோ கண்ணிலிருந்தோ தொடங்குவதில்லை. இரண்டு பேரும் என்ன வேலை செய்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவேன். நம்மூரில் யாரும் யாரிடமும் போய் "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "சோறு தின்னாச்சா" என்பார்கள். மீன்கறியில் தலைத்துண்டை எடுத்து மூடி வைப்பார்கள். பாசமெல்லாம் கைவேலைக்குள்தான் கிடக்கிறது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி வேலை பார்த்தார்கள். அவர் வெட்டுவார், அந்த அக்கா பின்னால் பால் வடிகிற சிரட்டையைத் துடைத்து வைத்துக்கொண்டு வருவார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தலைவிளக்கு, அவர் நெற்றியில். தோட்டத்துக்கு நடுவில் ஒரு ஓடை, மேலே போட்ட ஒற்றைப் பலகை. அந்த இடம் வந்ததும் அவர் திரும்பி நின்று, பின்பக்கமாகவே காலைத் தேடித் தேடி வைத்துப் பலகையைக் கடப்பார். வெளிச்சம் முழுக்க அந்த அக்கா கால்பக்கம் விழும். தன் கால் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. பேச்சு ஒன்றும் கிடையாது. அக்கா கடந்ததும் முன்னால் திரும்பி நடப்பார்.

நான் எழுதிய 14 நாவலும் அந்தப் பலகைக்குத்தான் திரும்பத் திரும்பப் போகின்றன.

தென்றல்மகள்
புதன், காலை 7.15

அக்கா, வாசிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒரு குறை சொல்லவேண்டும், தப்பாக எடுக்காதீர்கள். நான் சென்னை. உங்கள் கதையில் வசனம் பாதி எனக்குப் புரிவதில்லை. "கொள்ளாம்" என்றால் "வேண்டாம்" என்று நினைத்துக்கொண்டே ஒரு நாவல் முழுக்க வாசித்தேன். அடிக்குறிப்பாவது போடலாமே?

குலசேகரத்துக்காரி
புதன், காலை 8.05

தப்பாக எடுக்க என்ன இருக்கிறது. "கொள்ளாம்" என்றால் "நன்றாயிருக்கிறது, பரவாயில்லை". நீங்கள் எதிர்மாறாகப் புரிந்துகொண்டீர்கள் என்றால் அந்தக் காட்சியை நான் சரியாக எழுதவில்லை. அவன் அதைச் சொல்லிக்கொண்டே இன்னொரு அகப்பை கறியை இலையில் போட்டிருந்தால் யாருக்கும் அர்த்தம் தெரிந்திருக்கும். அடிக்குறிப்பு போட மனம் வரவில்லை. ஆசையாகப் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து அர்த்தம் சொல்வது போல இருக்கும். கதை சொல்லும் இடமெல்லாம் பொதுத்தமிழ்தான். வாய் திறக்கும்போது மட்டும் ஊர்ப்பேச்சு.

அதுவும் ஒரே பேச்சு இல்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்தில் மலையாள வாடை கூடுதல். நாகர்கோவில், தோவாளைப் பக்கம் போனால் பேச்சு வேறு. கடற்கரை ஊர்கள் முற்றிலும் வேறு. மார்த்தாண்டத்துப் பெண் பூதப்பாண்டியில் வாழப்போனால் மாமியார் அவள் பேச்சைத்தான் முதலில் பிடிப்பார். என் ஆறாவது நாவல் முழுக்க அதுதான். முதலில் அவள் பேச்சைக் கேட்டு முகம் திருப்புகிற கணவன், கடைசியில் தன்னையறியாமல் அவள் சொல்லைப் பேசுகிறான். அந்த ஒரு சொல்லுக்காக 32 எபி எழுதினேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
புதன், மாலை 5.40

இந்தக் குழுவில் பேத்திக்காகச் சேர்ந்தேன். காதல் நாவல் என்றால் பொழுதுபோக்கு என்றுதான் 34 வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். நேற்று இந்த அம்மா எழுதியதை வாசித்த பிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

நம் அகப்பாட்டுகளைத் தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கும். முதல் என்றால் நிலமும் பொழுதும். கரு என்றால் அந்த நிலத்து மரம், பறவை, உணவு, தொழில். உரி என்பது மனசில் நடப்பது: புணர்தல், பிரிதல், இருத்தல், ஊடல், இரங்கல். தொழில் அங்கே கருப்பொருளில் ஒன்றாக நிற்கிறது. தலைவிளக்கும் சிரட்டையும் ஓடைப்பலகையும் கருப்பொருள்கள். "அவன் அவளை நேசித்தான்" என்று சொல்லாமல் இவற்றை வைத்தே சொல்வது நமக்கு இரண்டாயிரம் வருஷப் பழக்கம். அம்மா எழுதும் விடியல் நேரம் மருதத்துக்கு உரிய சிறுபொழுது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மலை, காடு, வயல், கடல் எல்லாம் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கும் மாவட்டம் இது. பிரிவுக்கு உரிய பாலை மட்டும் இல்லை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் தெருவில் ஆறு வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். நிஜமான மணல், நிஜமான பிரிவு. பாலையைக் கடல் தாண்டி வைத்திருக்கிறோம்.

இன்னொரு விதியும் உண்டு. அகப்பாட்டில் தலைவன், தலைவி இருவர் பெயரையும் சொல்லக்கூடாது. யாரென்று சுட்டிவிட்டால் அது அகம் ஆகாது.

குலசேகரத்துக்காரி
வியாழன், காலை 6.20

ஐயா, உங்கள் கடைசி வரி ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் ஒரு விஷயத்தை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

கதை எங்கிருந்து வருகிறது என்று தங்கச்சி கேட்டாள். பாதிக்கு மேல் என் தையல் கடையிலிருந்துதான் வருகிறது. அளவெடுக்கும்போது பெண்கள் பேசுவார்கள். கையைத் தூக்கி நிற்கிற நேரத்தில் மனசும் கொஞ்சம் திறந்துவிடும். புருஷன் வெளிநாட்டில் இருக்கும் ஒரு அக்கா, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவர் வருவதற்கு முன்னால் அதே பச்சை ஜாக்கெட்டைக் கொண்டுவருவார். ஒருதரம் பிரித்துப் பெரிதாக்கச் சொல்வார், ஒருதரம் பிடிக்கச் சொல்வார். புதிது தைக்கலாமே என்றால் மாட்டார். புருஷன் முதல்முறை போகும்போது அந்த அக்கா போட்டிருந்ததாம். உள்பக்கம் பழைய தையல் தடம் வரிவரியாகத் தெரியும், எத்தனை தடவை வந்து போனார் என்று எண்ணலாம்.

அதை அப்படியே எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், பச்சையை மட்டும் மாற்றவில்லை. அவர் மகள் போனில் வாசித்துவிட்டு அம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். அந்த அக்கா அதற்குப் பிறகு என் கடைக்கு வரவில்லை. சண்டை போடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். அந்த நாவலுக்குத்தான் எனக்கு அதிகக் கமெண்ட் வந்தது. ஒவ்வொரு கமெண்டும் எனக்கு அந்த ஜாக்கெட்டையே நினைவுபடுத்தியது. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். சாயா கொடுத்தார். கடைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அந்த எபியை எடுத்துவிட்டேன். இப்போது இந்த நிறத்தையும் மாற்றித்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

தங்கச்சி, இதை நன்றாக மனசில் வை. கேட்டதையெல்லாம் எழுதலாம் என்று இல்லை. இன்று யாராவது ஒரு விஷயம் சொன்னால் அதைக் குறைந்தது மூன்று வருஷம் போட்டு வைப்பேன். அதற்குள் அது உருமாறி என் சொந்த நினைப்போடு கலந்திருந்தால் எழுதுவேன். கலக்காமல் அப்படியே கிடந்தால் அது அவர்களுடைய சொத்து.

கச்சான்காற்று
வியாழன், மதியம் 2.10

அக்கா, நான் முட்டம். வீட்டில் என் மனைவி உங்கள் வாசகி, அவள் வாசித்துச் சொல்லி நானும் கேட்பேன். உங்கள் கடற்கரை நாவலில் ஹீரோ குளச்சல்காரன், ஜூன் மாதம் நடுவில் விசைப்படகில் தங்கல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போகிறான், ஹீரோயின் கரையில் காத்திருக்கிறாள். அந்த மாதம் எங்கள் பக்கம் விசைப்படகு போகாது. மேற்குக்கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அவள் அத்தனை அழுததற்கு அவன் வீட்டுத் திண்ணையில்தான் வலை பொத்திக்கொண்டு இருந்திருப்பான்.

ஆனால் உங்களுக்கு ஒரு கதை தருகிறேன். ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் எங்களுக்குத்தான். சின்னமுட்டம் கிழக்குக்கடல் கணக்கு, அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அவர்களுக்கும் 61 நாள், எங்களுக்கும் 61 நாள். ஜூன் முதல் இரண்டு வாரம் மட்டும்தான் இரண்டு பக்கமும் சேர்ந்து கரையில் இருப்போம். பெண் எடுக்கல் கொடுக்கல் உள்ள வீடுகளில் மாப்பிள்ளை இங்கே சும்மா இருக்கும்போது மைத்துனன் அங்கே கடலில் இருப்பான்.

குலசேகரத்துக்காரி
வியாழன், இரவு 9.30

தம்பி, உங்களுக்கும் வீட்டிலுள்ளவருக்கும் ரொம்ப நன்றி. கிண்டில் பதிப்பில் அந்த மாதத்தை இன்றைக்கே திருத்துகிறேன். மலைக்காரி கடலை எழுதினால் இப்படித்தான் ஆகும், கேட்டு எழுதியிருக்க வேண்டும். நான் அந்த நாவலுக்கு நான்கு தடவை குளச்சல் போனேன், மீன் ஏலம் பார்த்தேன், கரைமடி வலை இழுப்பதைப் பார்த்தேன். காலண்டரைப் பார்க்கவில்லை.

அந்தப் பதினான்கு நாள். இரண்டு கரைக்காரர்களும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கும் அந்தப் பதினான்கு நாளை நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். உங்கள் சம்மதம் இருந்தால் மட்டும் தொடுவேன்.

கச்சான்காற்று
வியாழன், இரவு 9.52

எழுதுங்க அக்கா. கடலில் போனவனைத் திரும்பி வராமல் மட்டும் ஆக்கிவிடாதீங்க. ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட கதை வாசிப்பதில்லை.

குலசேகரத்துக்காரி
வியாழன், இரவு 10.01

சத்தியமாக ஆக்கமாட்டேன் தம்பி.

அருமனைவாசகி
வெள்ளி, காலை 11.25

நானும் ஒன்று கேட்கிறேன். இப்போது எந்தக் கதையைத் திறந்தாலும் ஹீரோ அடிக்கிறான், கட்டாயத் தாலி கட்டுகிறான், இருபதாவது எபியில் "உன்மேல் உள்ள காதலால்தான்" என்கிறான். அதற்குத்தான் கமெண்ட் குவிகிறது. அக்கா நீங்களும் ஒரு காலத்தில் எழுதினீர்கள், எனக்கு நினைவிருக்கிறது.

குலசேகரத்துக்காரி
வெள்ளி, இரவு 9.15

எழுதினேன். என் இரண்டாவது நாவல். அறைகிற எபிக்கு அன்றுவரை வராத அளவு கமெண்ட் வந்தது, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு சித்திரை மாதம் கல்யாணமாகி ஆறு மாதமான ஒரு பிள்ளை வந்து ஜாக்கெட்டுக்கு முழுக்கை வைக்கச் சொன்னாள். இந்த வெயிலில் எதற்கு மக்களே என்று கேட்டுக்கொண்டே டேப்பைக் கையில் சுற்றினேன். அவள் வலியில் கையை இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் அளவே எடுக்கவில்லை, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறாள், தனியாகச் சம்பாதிக்கிறாள், அதைச் சொன்னால் போதும்.

அந்த நாவலை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். யாரோ எப்போதோ இறக்கி வைத்த பிடிஎஃப் இன்னும் சுற்றுகிறது, அதை என்னால் தடுக்க முடியவில்லை. என் உழைப்பைத் திருடுகிறார்கள் என்பதைவிட அந்தக் கதை இன்னும் யார் கையிலோ இருக்கிறதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

பணத்தைப் பற்றிப் போன வாரம் வேறு இழையில் கேட்டிருந்தீர்கள், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிண்டில் அன்லிமிடெட்டில் வாசித்த பக்கத்துக்குத்தான் காசு. அதனால் இழுக்கச் சொல்லி மனசு அரிக்கும். பத்துப் பக்கத்தில் முடிகிற ஊடலை முப்பது பக்கம் நீட்டலாம். ஒருமுறை நீட்டினேன், மறுநாள் வாய்விட்டு வாசிக்கும்போது எனக்கே நாக்கு ஒட்டவில்லை. தையல் கூலிதான் வீட்டை நடத்துகிறது. அதனால் எழுத்தை யாருக்காகவும் நீட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்கிற சுதந்திரம் எனக்கு இருக்கிறது.

தோவாளைப்பிச்சி
சனி, இரவு 7.40

அக்கா, வாத்தியார் ஐயா, அண்ணன், எல்லாருக்கும் நன்றி. தொழிலதிபரை விட்டுவிட்டேன். நாலு நாளாகக் காலையில் எழும்பி எழுதிப் பார்த்தேன். இவ்வளவுதான் வந்திருக்கிறது:

"சந்தையில் மூட்டை பிரிக்கிற சத்தம் தொடங்கிவிட்டது. அவள் வந்து உட்காருமுன் வழக்கமான இடத்தில் ஒரு நார்க்கட்டு இருந்தது. வாழைநாரை வாங்கும்போது இத்தனை மெல்லிசாக இருக்காது. இதை யாரோ ஒவ்வொன்றாகக் கிழித்திருந்தார்கள். நேற்று நார் அறுத்து அவள் ஆள்காட்டி விரலில் இரத்தம் வந்ததை எதிர்க்கடையில் எடை போடுகிறவன் பார்த்திருந்தான். அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவன் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்களில் காதல் தெரிந்தது. அவள் பிச்சி மொட்டை எடுத்து முதல் கண்ணியைப் போட்டாள்."

குலசேகரத்துக்காரி
சனி, இரவு 8.30

பிள்ளே, இதை மூன்று தடவை வாசித்தேன். ஒரே ஒரு வரியை எடுத்துவிடு. "அவன் கண்களில் காதல் தெரிந்தது." அவன் தராசைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் கண்ணை அவள் எப்படிப் பார்த்தாள்?

எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்கிறேன். ஒரு கட்டு நாரை அப்படி மெல்லிசாகக் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

தோவாளைப்பிச்சி
சனி, இரவு 8.44

அம்மாவிடம் கேட்டேன். நன்றாகக் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே ஒரு மணி நேரம் ஆகுமாம். பழக்கம் இல்லாத ஆணுக்கு இரண்டு மணி நேரம் என்கிறாள்.

அக்கா, சந்தை விடியுமுன்னே கூடிவிடும். அப்படியானால் அவன் முந்தின ராத்திரியே உட்கார்ந்து கிழித்திருக்கிறான். எழுதும்போது எனக்கு இது தெரியவில்லை. அந்த ராத்திரியை இப்போது எழுதப்போகிறேன்.